அருள்மேரிக்கு நான் எழுதிய மெமோ

நான் ஓய்வுபெற்ற அன்று, அலுவலகப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த உங்களில் ஒருவர் என்னிடம் பென் டிரைவை நீட்டினார். "சார், உங்க மெமோ மாடல் எல்லாத்தையும் இதுல ஏத்திக் குடுங்க சார். நீங்க எழுதுனா ஒருத்தராலயும் பதில் சொல்ல முடியாதாமே!" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். நானும் ஏதோ சிரித்து மழுப்பிவிட்டு மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மாடல் எதையும் நான் தரப்போவதில்லை. ஒரே ஒரு மெமோவை எப்படி எழுதினேன், அதனால் என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதினேன்.

வெளியாள் யாராவது படித்தால் புரிவதற்காகச் சொல்கிறேன். விழுப்புரத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனையில் நான் அலுவலகக் கண்காணிப்பாளர். திண்டிவனத்தில் அதற்குச் சிறிய கிளை ஒன்று உண்டு. நியமனம், விடுப்பு, மாறுதல், தண்டனை எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும். நான் யாருக்கும் ஊசி போட்டதில்லை, யாருடைய நாடியையும் பிடித்ததில்லை. ஆனால் ஒரு நோயாளி சாவதற்கு என் பேனாவும் ஒரு காரணம். இதைக் கொஞ்சம் மென்மையாகச் சொல்ல வழி இருக்கிறதா என்று பல நாள் யோசித்தேன். இல்லை.

அருள்மேரி எங்கள் டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியன். சிறுநீரகம் கெட்டுப்போனவர்களின் ரத்தத்தை மெஷின் வழியாக ஓடவிட்டுச் சுத்தம் செய்யும் பிரிவு அது. ஆறு மெஷின்கள். அதில் ஒன்றில் மட்டும் பெரிய சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி ரத்தத்தில் இருப்பவர்களுக்கு அந்த மெஷின் மட்டும்தான். அவர்களுக்கு ஓட்டியதை மற்றவர்களுக்கு ஓட்டக்கூடாது. மருத்துவம் படிக்காத என்னைப் போன்றவனுக்கே இது புரியும்.

அந்தச் சிவப்பு ஸ்டிக்கர் மெஷின் ஒரு மழைக்காலத்தில் பழுதானது. கம்பெனி இன்ஜினீயர் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்றார். பிரிவு டாக்டர், "நல்லா வாஷ் பண்ணிட்டு நாலாவது மெஷின்ல போடும்மா. பேஷண்ட்டை அப்படியே வீட்டுக்கு அனுப்ப முடியுமா?" என்று சொல்லிவிட்டார். அதில் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. டயாலிசிஸ் செய்யாமல் அனுப்பினாலும் ஆபத்துதான். ஆனால் அருள்மேரி வேறு வழியும் சொன்னார். மெஷின் சரியாகும்வரை அந்த இரண்டு நோயாளிகளைப் பாண்டிச்சேரிக்கு நம் வண்டியிலேயே அனுப்பிக் கூட்டிவரலாம் என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. சொன்னதை எழுத்திலும் கொடுத்தார்.

அதற்கென்று எங்களிடம் ஒரு படிவம் இருந்தது. தரச் சான்றிதழ் வாங்குவதற்காகக் கொண்டுவந்தது. நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தாலோ, நேரப்போவதாகத் தெரிந்தாலோ எந்த ஊழியரும் அதில் எழுதிக் கொடுக்கலாம். படிவத்தின் அடியில், 'இதை எழுதுபவர் மீது எவ்வித நடவடிக்கையும் எடுக்கப்படமாட்டாது' என்று ஒரு வரி உண்டு. தணிக்கைக்கு வந்தவர்கள் அந்த வரியைப் படித்துவிட்டுத் தலையாட்டிப் பாராட்டினார்கள். அந்த வரியைத் தமிழில் எழுதியவன் நான்தான்.

அருள்மேரியின் படிவம் என் மேஜைக்கு வந்தது. முழுவதும் படித்தேன். தேதி முத்திரை குத்தி, தபால் பதிவேட்டில் ஏற்றி, நிர்வாக அதிகாரியின் மேஜைக்கு அனுப்பினேன். என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். உங்களில் பலரும் அப்படித்தான் நினைப்பீர்கள். பதில் வந்ததா என்று ஒருமுறைகூட நான் கேட்கவில்லை.

ஆறு வாரம் நாலாவது மெஷினிலேயே ஓட்டினார்கள். பிறகு இன்ஜினீயர் வந்தார், சிவப்பு மெஷின் சரியானது, எல்லோரும் மறந்துபோனார்கள்.

அந்த நாலாவது மெஷினில் வாரம் இரண்டு நாள் படுப்பவர் தனகோட்டி. பனமலைப் பக்கத்து விவசாயி. ஏரிக்குக் கீழே கொஞ்சம் நெல், மேட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. ஐம்பது வயது இருக்கும். காலையில் பஸ் பிடித்து வந்து, நான்கு மணி நேரம் படுத்துக் கிடந்து, மாலை பஸ்ஸில் திரும்பிப்போவார். சில மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் அவருக்கு ஹெபடைடிஸ் பி இருப்பதாக வந்தது. அதற்கு முந்தைய பரிசோதனைகள் எல்லாவற்றிலும் இல்லை என்றே வந்திருந்தது.

அருள்மேரி இரண்டாவது படிவம் எழுதினார். எந்த மெஷின், எந்தெந்தத் தேதி, யாருக்குப் பிறகு யார் என்று வரிசையாக எழுதி, 'இதைப் பற்றி நான் முன்பே எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை' என்று முடித்திருந்தார்.

அன்று பதினோரு மணிக்கு நிர்வாக அதிகாரி என்னை அழைத்தார். படிவம் அவர் மேஜைமேல் கிடந்தது.

"இந்தப் பொண்ணு இன்னா, நம்மள கோர்ட்டுல ஏத்தப் பாக்குதா? இந்தப் பேப்பர் வெளிய போச்சின்னா நம்ம எல்லாரும் வீட்டுக்குத்தான், தெரியுமில்ல?"

படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

"மெஷின வாஷ் பண்றது யார் வேலை?"

"டெக்னீஷியன் வேலைதான் சார்."

"அப்ப தப்பு யாருது? ஜல்தியா எழுதிக்கினு வாங்க."

அரை மணி நேரத்தில் எழுதினேன். என் திறமையைச் சொல்லட்டுமா? அருள்மேரி எழுதிய வாக்கியங்களையே எடுத்து அவருக்கு எதிராகத் திருப்பினேன். 'மேற்படி நாட்களில் மேற்படி இயந்திரத்தைத் தாங்களே இயக்கியதாக ஒப்புக்கொண்டுள்ள நிலையில், கிருமிநீக்கம் செய்வதில் தாங்கள் காட்டிய அலட்சியத்தால்' என்று போகும் அது. மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். ஆபத்து என்று கைகாட்டியவரையே குற்றவாளியாக்க எனக்கு ஒரு பக்கம் போதுமானதாக இருந்தது. நிர்வாக அதிகாரி படித்துவிட்டு, "சூப்பர்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது சொல்லக் கூசுகிறது, ஆனால் பெருமையாகத்தான் இருந்தது.

அத்தோடு நான் நிறுத்திக்கொள்ளவில்லை. "டிஸ்மிஸ் பண்ணா பேஜாராயிடும். வேற இன்னா பண்ணலாம்?" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டபோது, யாரும் கேட்காமலே அருள்மேரியின் பணிக் கோப்பைப் பிரித்தேன். நிரந்தர முகவரியில் திண்டிவனத்தை அடுத்த ஒரு கிராமத்தின் பெயர் இருந்தது. அம்மா வீடு. "சொந்த ஊர்ப் பக்கமே போட்டுடலாம் சார். கருணையா போட்ட மாதிரி இருக்கும்" என்றேன். 'நிர்வாக நலன் கருதியும், ஊழியரின் சொந்த ஊருக்கு அருகில் என்பதைக் கருத்தில் கொண்டும்' என்று உத்தரவு எழுதினேன். திண்டிவனம் கிளையில் டயாலிசிஸ் மெஷினே கிடையாது. பன்னிரண்டு வருடம் மெஷினோடு நின்றவரைப் புறநோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கும் ஜன்னலில் உட்கார வைத்தோம். அவர் கணவருக்கு வேலை விழுப்புரத்தில், மகளுக்குப் பள்ளிக்கூடம் விழுப்புரத்தில். கோப்பில் அதுவும் இருந்தது. நான் சொன்னபடி அது 'கருணை'.

உத்தரவை வாங்கிய அன்று அருள்மேரி என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். அழவில்லை. சத்தம் போடவில்லை.

"சார், இது நீங்க எழுதுனதா?"

"மேலேர்ந்து சொன்னாங்கம்மா."

"சொன்னாங்க. எழுதுனது யாரு சார்?"

நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"நான் எழுதிக் குடுத்தேன், அதனாலதான இது? வாய மூடிக்கினு இருந்திருந்தா இன்னிக்கும் அதே மெஷின்கிட்டதான் நின்னுக்கினு இருப்பேன். அப்படித்தான சார்?"

அப்படித்தான். ஆனால் நான், "போய் ஜாயின் பண்ணும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அப்புறம் என்று ஒன்று இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் முழுக்க ஒரு படிவம்கூட வரவில்லை. வார்டில், லேபில், ஆபரேஷன் தியேட்டரில் ஒருவரும் எழுதவில்லை. தரக் குழுக் கூட்டத்தில், 'ஆண்டு முழுவதும் பாதுகாப்புக் குறைபாடு ஏதும் இல்லை' என்று பெரிய எழுத்தில் திரையில் போட்டுக் காட்டினார்கள். கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது, தின்றேன். ஒரு மருத்துவமனை மொத்தமும் பயந்து வாய்மூடிக் கிடப்பதற்கு நாங்கள் கேக் வெட்டிக் கொண்டாடினோம் என்பது அன்று அந்த அறையில் இருந்த ஒருவர் மனதிலும் படவில்லை, அல்லது பட்டும் சொல்லவில்லை.

இடையில் ஒருநாள் தனகோட்டி என் அறைக்கு வந்தார். கையில் பிளாஸ்திரி. "சார், மேரி பொண்ணு எங்க சார்? இப்ப குத்தறவங்க ரெண்டு மூணு தபா குத்துறாங்க. அந்தப் பாப்பா குத்துனா தெரியவே தெரியாது" என்றார். மாறுதலில் போய்விட்டதாகச் சொன்னேன். அவர் நகரவில்லை. "இன்னொன்னு சார். என்னை ஏன் செவப்பு மெஷினுக்கு மாத்திட்டாங்க? கேட்டா டாக்டரு, ரத்தத்துல சின்னப் பிரச்சனைன்றாரு. எனக்கு அது எங்கேர்ந்து சார் வந்துச்சு?"

எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அருள்மேரியின் இரண்டு படிவங்களும் கோப்புக்காக என்னிடமே திரும்பி வந்து, என் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரியில் தேதியோடு இருந்தன. "டாக்டரையே கேளுங்க, அவர் விவரமா சொல்வாரு" என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார்.

அருள்மேரியின் இடத்துக்கு வந்தவர் ரஹீம். கோட்டக்குப்பத்துக்காரர், வளைகுடாவில் பல வருடம் டயாலிசிஸ் வேலை பார்த்துத் திரும்பியவர், கெட்டிக்காரர். ஒரு திங்கட்கிழமை காலை அவர் பிரிவைத் திறந்தபோது தண்ணீரில் பிளீச்சிங் வாடை அடித்திருக்கிறது. டயாலிசிஸுக்கு மிகச் சுத்தமான தண்ணீர் வேண்டும். எல்லா மெஷினுக்கும் ஒரே தொட்டியிலிருந்துதான் போகும். ஞாயிற்றுக்கிழமை தொட்டியை மருந்து ஊற்றிக் கழுவியவர்கள் சரியாக அலசாமல் விட்டுவிட்டார்கள். தண்ணீரில் மருந்து மிச்சமிருக்கிறதா என்று சோதிக்கும் காகிதப் பட்டையும் கையிருப்பில் இல்லை. ரஹீம் டாக்டருக்குப் போன் செய்தார். "லேசா வாடை இருக்கும், ஓட்டுங்க. பேஷண்ட்ஸ் வெயிட் பண்றாங்க" என்று பதில் வந்தது. ரஹீம் ஓட்டினார்.

ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவராக நடுங்க ஆரம்பித்தார்கள். வாந்தி, முதுகுவலி, மூச்சுத்திணறல். மெஷின்களை நிறுத்தினார்கள். நான்கு பேர் மதியத்துக்குள் தேறிவிட்டார்கள். தனகோட்டி தேறவில்லை. ஆம்புலன்சில் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் இறந்துபோனார்.

ரஹீமை என் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினேன். "வாடை வந்துச்சில்ல? ஏன் நிறுத்தல? ஒரு வரி எழுதியாவது குடுத்திருக்கலாமே?" என்று கத்தினேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். "சார், நான் முன்ன வேலை செஞ்ச ஆஸ்பத்திரில எழுதலன்னாதான் மெமோ. இங்க எழுதுனா மெமோ. மேரி அக்காவ எங்க உக்கார வெச்சீங்கன்னு இங்க வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும் சார். எனக்கும் புள்ளைங்க இருக்கு."

அவர் மீது எனக்கிருந்த கோபம் அந்த நிமிஷமே போய்விட்டது. அது போக வேண்டிய இடம் வேறு. அருள்மேரிக்கு எழுதியதாக நான் நினைத்த மெமோ, உண்மையில் மருத்துவமனையில் இருந்த ஒவ்வொருவருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. எல்லோரும் அதைப் படித்து, அதன்படி நடந்துகொண்டார்கள்.

மாவட்டத்திலிருந்து இரண்டு டாக்டர்கள் விசாரணைக்கு வருவதாகத் தகவல் வந்தது. டயாலிசிஸ் பிரிவு பற்றி வந்த எல்லாப் புகார் படிவங்களையும் எடுத்துவைக்கச் சொல்லியிருந்தார்கள். நிர்வாக அதிகாரி என் அறைக்கே வந்தார். அதுவரை அப்படி வந்ததில்லை.

"அந்தப் பொண்ணு எழுதுன ரெண்டு ஃபாரமும் நமக்கு வரவே இல்ல. புரியுதா?"

"தபால் ரிஜிஸ்டர்ல ஏத்தியிருக்கேன் சார்."

"ரிஜிஸ்டர் தண்ணில நனைஞ்சிடுச்சுன்னு புதுசு போடுங்க. உங்களுக்கு ரிடையர்மெண்ட் எப்போ?"

"எட்டு மாசம் இருக்கு சார்."

"நிம்மதியா போவணுமில்ல?" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் விசாரணைக்கு வந்தவர்களிடம் பதிவேட்டையும் இரண்டு படிவங்களையும் கொடுத்தேன். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். பதிவேட்டை வாங்கிய பெண் டாக்டர் என் முகத்தைப் பார்த்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஒருவர் செத்த பிறகு கொடுத்ததில் என்ன வீரம்? முதல் படிவம் வந்த அன்று எழுந்துபோய், "சார், இதுக்கு என்ன பதில்?" என்று கேட்டிருந்தால் அதற்கு ஏதாவது பெயர் வைக்கலாம்.

டயாலிசிஸ் பிரிவைச் சில மாதம் மூடினார்கள், பிறகு திறந்தார்கள். டாக்டர் விலகினார். நிர்வாக அதிகாரி வேறொரு அறக்கட்டளைக்கு இதே பதவிக்குப் போய்விட்டார். வேலை போனது ரஹீமுக்கு மட்டும். என்னைப் பழைய கேஸ் ஷீட் அடுக்கும் கீழ்த்தள அறைக்கு மாற்றினார்கள். எட்டு மாதம் ஒரு தாளும் என்னிடம் வரவில்லை, டீ குடிக்கக்கூட யாரும் கூப்பிடவில்லை. டோக்கன் ஜன்னல் எப்படி இருந்திருக்கும் என்று அங்கேதான் எனக்குத் தெரிந்தது.

அருள்மேரிக்கு எழுதிய மெமோ மட்டும் முடித்துவைக்கப்படாமல் அப்படியே இருந்தது. வந்தவர்கள் விசாரித்தது தண்ணீரைப் பற்றி. மெமோ அவர்கள் பொறுப்பில் இல்லை. அருள்மேரி பாண்டிச்சேரியில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் வேலைக்கு விண்ணப்பித்தபோது, நம் அலுவலகம் கொடுத்த அனுபவச் சான்றிதழில் 'ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் உள்ளது' என்று இருந்தது. அங்கே அவரை உள்ளேயே கூப்பிடவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு அவரை அழைத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் போனேன். வக்கீல் எல்லாவற்றையும் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நியமன உத்தரவில் எந்தக் கிளைக்கும் மாற்றலாம் என்று இருக்கிறது, அதில் அருள்மேரி கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றார். ஊழலை வெளியே சொல்பவர்களுக்காக ஒரு சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதே என்று கேட்டேன். "அது அரசாங்கத்துல நடக்கிற ஊழலுக்கு சார். அதுவும் இன்னும் நடைமுறைக்கு வரல. நோயாளிக்கு ஆபத்துன்னு எழுதுன டெக்னீஷியனுக்குன்னு தனியா எதுவும் இல்ல. லேபர் கோர்ட்டுக்குப் போலாம். வருஷக்கணக்கா ஆகும்" என்றார்.

நம் மருத்துவமனை வாசலில் ஒரு பெரிய போர்டு இருக்கிறது, தினமும் பார்த்திருப்பீர்கள். மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் பிணையில் வர முடியாத குற்றம் என்று எழுதியிருக்கும். நல்ல சட்டம், வேண்டிய சட்டம். பெற்ற பிள்ளை செத்துக் கிடக்கும்போது நிலைதடுமாறி நர்ஸின் சட்டையைப் பிடிக்கும் கூலிக்காரனுக்குச் சிறை. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து நிதானமாக ஒரு டெக்னீஷியனின் பிழைப்பை அழித்த எங்களுக்கு எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு? ஒன்றுமில்லை. கேக்தான்.

சட்டம் எழுதுகிறவர்கள் என்னைக் கேட்கப்போவதில்லை. கேட்டால், தண்டிக்கிற பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்ற தகுதியில் சொல்வேன். நோயாளியின் பாதுகாப்பைப் பற்றி எழுதிக் கொடுத்தவருக்கு ஒரு வருடத்துக்குள் மெமோவோ மாறுதலோ வந்தால், அது பழிவாங்கல்தான் என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளட்டும். இல்லை என்று நிரூபிப்பது நிர்வாகத்தின் பாடு. வந்த படிவத்துக்கு எழுத்தில் பதில் சொல்லாதது குற்றமாகட்டும். மெமோவில் யார் சொல்லி யார் எழுதினார்கள் என்று இரண்டு பெயரும் இருக்கட்டும். 'நிர்வாக நலன் கருதி' என்ற மூன்று சொல்லுக்குப் பின்னால் எத்தனை பேர் ஒளிந்துகொள்ளலாம் என்பது எனக்குத் தெரியும். நான் ஒளிந்திருந்தேன்.

வக்கீலிடம் போய்வந்த வாரம் நானே ஒரு கடிதம் எழுதினேன். அந்த மெமோவை எழுதியவன் நான், அதிலுள்ள குற்றச்சாட்டு பொய், அருள்மேரி முன்கூட்டியே எச்சரித்தார், அவர் பக்கம் எந்தத் தவறும் இல்லை என்று என் பெயர், முகவரி, கையெழுத்தோடு எழுதினேன். அடுத்த வேலைக்குப் போகும்போது காட்டட்டும் என்று திண்டிவனத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். மேம்பாலத்துக்குக் கீழே பஸ்ஸிலிருந்து இறங்கி, வெயிலில் கிளைக்கு நடந்தேன். மதியச் சாப்பாட்டு நேரம். டோக்கன் ஜன்னலை மூடிவிட்டு அருள்மேரி வெளியே பெஞ்சுக்கு வந்தார். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"சார், இதுல ஒரு வரி தப்பா இருக்கு."

"எதும்மா?"

"'எந்தத் தவறும் இல்லை'ன்னு போட்டிருக்கீங்க. அந்த மொத நாளு, அந்த பேஷண்ட்ட நாலாவது மெஷின்ல நான்தான சார் போட்டேன்? எழுதிக் குடுத்துட்டோமேன்னு போட்டேன். மாட்டேன்னு நின்னிருக்கணும். டாக்டர் சொன்னா என்ன, என் கைதான போட்டுச்சு? தனகோட்டி ஐயாவுக்கு அது என் கையாலதான போச்சு?"

"அதெல்லாம் இதுல எதுக்கும்மா? இது உனக்கு வேலை கிடைக்கறதுக்கு."

"இல்ல சார். நடந்தத நடந்த மாதிரி எழுதுங்க. அப்பதான் மீதிய நம்புவாங்க."

பேனாவை எடுத்துக் கொடுத்தார். பெஞ்சிலேயே வைத்து அந்த வரியை அடித்தேன். அவர் சொல்லச் சொல்ல, 'முதல் நாளில் மறுத்திருக்க வேண்டும், மறுக்கவில்லை என்று அவரே தெரிவிக்கிறார்' என்று எழுதிச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். இந்த மனுஷியைத்தான் அலட்சியம் என்று எழுதினேன்.

அந்தக் கடிதத்தோடு அவர் இரண்டு இடங்களுக்குப் போய்வந்தார். படித்தார்களாம், மரியாதையாகப் பேசினார்களாம், ஆனால் உங்கள் மருத்துவமனை மெமோவை ரத்து செய்து கொடுத்தால் பார்க்கலாம் என்றார்களாம். இன்றைக்கும் திண்டிவனத்தில் டோக்கன்தான் கொடுக்கிறார்.

அவருடைய கோப்பு உங்கள் அறையில், ஜன்னலோரத்து இரும்பு அலமாரியில், இரண்டாவது தட்டில் இருக்கிறது. மெமோவை ரத்து செய்யும் உத்தரவுக்கு அரைப் பக்கம் போதும். இப்போது இருக்கும் நிர்வாக அதிகாரிக்கு அந்த விவகாரமே தெரியாது, யாரும் அவர் முன் வைக்கவில்லை. நீங்கள் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். எழுதியவர் என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போடுங்கள்.